கத்திரி வெயில் நாளுக்கு எத்தனை மீன்?

தங்கச்சி, போன வாரம் போனில் ஒரே வரியில் கேட்டாய். "அக்கா, ரெண்டடித் தொட்டி வாங்கியாச்சு, எத்தனை மீன் விடலாம்?" அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்ததால் "பத்து" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அன்று ராத்திரியே தம்பி சென்னையிலிருந்து உனக்கு "நாற்பது தாராளமாக விடலாம், அக்கா பயந்தாங்கொள்ளி" என்று சொல்லியிருக்கிறான். பத்துக்கும் நாற்பதுக்கும் நடுவில் நீ முழித்துக்கொண்டு நிற்கிறாய். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நிதானமாகப் படி. படித்து முடிக்கும்வரை கடைக்குப் போகாதே.

முதலில் தம்பி பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவன் ஒன்றும் தெரியாமல் பேசுகிறவன் இல்லை. கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெருக்களுக்கு அவன் வாராவாரம் போகிறான். அங்கே ஒரு சின்னத் தொட்டியில் இருநூறு பிளாட்டி ஒன்றன்மேல் ஒன்றாக மொய்த்துக்கொண்டு இருக்கும். எல்லாம் துறுதுறுவென்றுதான் இருக்கும். "அவன் இருநூறு வைக்கிறான், நான் நாற்பது வைத்தால் என்ன?" என்பது அவன் கேள்வி.

பதில் இதுதான். கடை மீன் அந்தத் தொட்டியில் குடியிருக்கவில்லை, பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மாதிரி நிற்கிறது. இரண்டு மூன்று நாளில் விற்றுப்போய்விடும். அதுவரை தீவனம் கொஞ்சமாகத்தான் விழும். பெரிய ஏர் பம்ப் ஒன்று ராப்பகலாக எல்லாத் தொட்டிக்கும் காற்று தள்ளும். கடைப்பையன் தினமும் தண்ணீர் மாற்றுவான். அப்படியும் காலையில் செத்ததை வலைபோட்டு எடுப்பார்கள், அந்த நஷ்டம் விலையில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். உன் வீட்டுத் தொட்டியில் மீன் வருஷக்கணக்கில் வாழ வேண்டும். கோல்ட்ஃபிஷ் நன்றாக வைத்தால் பத்துப் பதினைந்து வருஷம் இருக்கும். உன் சின்னவன் காலேஜ் போகும் வரை அது உன்னோடு வரும்.

தம்பிக்கு இன்னொரு நியாயமும் உண்டு, இது கொஞ்சம் கனமானது. அவன் வளர்ப்பது ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியிலிருந்து வந்த சிக்லிட் வகை. மஞ்சளும் நீலமுமாகக் கண்ணைப் பறிக்கும். ஆனால் மகா சண்டைக்காரன்கள். ஐந்தாறு மட்டும் விட்டால் பெரியவன் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, மற்றதில் ஒன்றைக் குறிவைத்துத் துரத்தித் துரத்தியே கொன்றுவிடுவான். அதையே இருபத்தைந்தாக விட்டால் யாரைத் துரத்துவது என்று அவனுக்கே தெரியாது, அடி பலபேருக்குப் பிரிந்துபோகும், யாரும் சாக மாட்டார்கள். உலகம் முழுக்க சிக்லிட் வளர்ப்பவர்கள் தெரிந்தே தொட்டியை நெருக்கமாக வைப்பது இதனால்தான். இதை நான் மறுக்கவில்லை. அவன் தொட்டியை நேரில் போய்ப் பார்த்தேன், மீன்கள் நன்றாகவே இருக்கின்றன.

ஆனால் அந்த அழகுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று அவன் உன்னிடம் சொன்னானா? நாலடித் தொட்டி, இருநூறு லிட்டருக்கு மேல் தண்ணீர். கீழே அலமாரிக்குள் ஒரு பெரிய கேனிஸ்டர் ஃபில்டர், மேலே இன்னொன்று. வாரம் தவறாமல் பாதித் தண்ணீரை மாற்றுகிறான். மீனுக்கென்றே ஒரு இன்வெர்ட்டர் லைன். ஊருக்கு வருவதானால் பக்கத்து வீட்டுப் பையனிடம் சாவி கொடுத்துவிட்டுத்தான் வருகிறான். போன பொங்கலுக்கு இரண்டே நாளில் திரும்பிப் போனது ஞாபகம் இருக்கிறதா? ஆபீஸ் வேலை என்று அம்மாவிடம் சொன்னான், உண்மையில் மீனுக்காகப் போனான். நெருக்கமாக வைக்கலாம் தங்கச்சி, ஆனால் அதிகப்படியாக விடுகிற ஒவ்வொரு மீனையும் ஒரு மோட்டாரும் ஒரு மனுஷனும் சேர்ந்து தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அதில் ஒருவர் கை விட்டால் போதும், எல்லாம் போய்விடும்.

என் தொட்டியில் அப்படிப் போனது. இதை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

நம் மங்களூர் வீட்டில் நான் முதன்முதலில் வைத்ததும் உன்னுடையது மாதிரி ரெண்டடித் தொட்டிதான். வாஸ்துப்படி எட்டு சிவப்பு, ஒரு கறுப்பு என்று ஒன்பது கோல்ட்ஃபிஷ் இருக்க வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டாள். வாங்கினேன். "கண்ணாடியைச் சுத்தம் பண்ணும்" என்று சொல்லி ஒரு சக்கர் மீனையும் கடையில் தலையில் கட்டினார்கள். ஏழெட்டு மாதம் நன்றாக ஓடியது. மே மாதம் ஒருநாள், தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக இருக்கிறதே என்று ஃபில்டர் பஞ்சைக் கழற்றி, குழாயடியில் பளிச்சென்று அலசிப் போட்டேன். அன்று குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் வாசம் தூக்கலாக இருந்தது. மறுநாள் மதியம் கரண்ட் போனது. நான் விருத்தாசலத்தில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு இருட்டியபின் வந்தேன். ஐந்து மிதந்துகொண்டிருந்தன. மற்றவை மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன. விடிவதற்குள் இன்னும் இரண்டு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தொட்டியைப் புடவைத் துணியால் மூடி வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம்தான் நான் உட்கார்ந்து படித்தேன், கேட்டேன், கற்றுக்கொண்டேன். அன்று செத்த ஏழு மீனுக்கும் காரணம் ஒன்றில்லை, மூன்று. மூன்றும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்துவிட்டன. அதை உனக்குப் புரியவைத்துவிட்டால் எத்தனை மீன் என்பதை நீயே சொல்லிவிடுவாய்.

கண்ணுக்குத் தெரியாத கணக்கு

மீன் கழிக்கிறது, செவுள் வழியாகவும் அம்மோனியா விடுகிறது. கழிவறையில் மூக்கைத் துளைக்குமே, அதே சாமான்தான். குளத்திலும் ஏரியிலும் அது கரைந்து காணாமல் போய்விடும். தொட்டியில் எங்கே போகும்? ஃபில்டருக்குள் ஒட்டிக்கொண்டு வாழும் பாக்டீரியாதான் அதைத் தின்ன வேண்டும். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும், அது கொஞ்சம் சாது. அந்த நைட்ரேட்டை நீ வாரத்துக்கொருமுறை தண்ணீர் மாற்றி வெளியே எடுக்கிறாய். புதுத் தொட்டியில் இந்தக் கூட்டங்கள் உருவாகவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே மீன் வாங்கி, பத்து நாளில் "என் கைக்கு மீன் ராசியில்லை" என்று தொட்டியைப் பரணில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அழுகையாக வரும். ராசி ஒரு பக்கம் இருக்கட்டும், பாக்டீரியா வந்து சேர அவகாசமே கொடுக்கவில்லையே. நான் அன்று பளிச்சென்று அலசியது அழுக்கை அல்ல, அந்தப் பாக்டீரியாவைத்தான்.

இப்போது மீன் எண்ணிக்கைக்கு வருவோம். பழைய ஆட்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: ஒரு அங்குல மீனுக்கு ஒரு கேலன் தண்ணீர், அதாவது ஏறக்குறைய நாலு லிட்டர். உன் தொட்டி 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம். பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 54 லிட்டர். விளிம்புவரை ஊற்ற மாட்டாய், அடியில் கல்லும் போடுவாய், ஆக 45 லிட்டர்தான் நிஜத் தண்ணீர். அந்தக் கணக்குப்படி பன்னிரண்டு அங்குலம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓர் அங்குல மீன் பத்தும், பத்தங்குல மீன் ஒன்றும் ஒன்றாகுமா? நீளம் இரண்டு மடங்கானால் உடம்பின் எடை எட்டு மடங்காகும், மூன்று மடங்கானால் இருபத்தேழு மடங்கு. கடையில் விரல் நீளம் இருக்கிற கோல்ட்ஃபிஷ் ஒரு சாண் வளரும். அம்மாவின் ஒன்பதும் அந்த ஏழெட்டு மாதத்தில் எனக்குத் தெரியாமலே பலமடங்காகிவிட்டன. எண்ணிக்கை ஒன்பதுதான், பாரம் ஒன்பது இல்லை.

அதனால் நான் மீனை எண்ணுவதில்லை, தீவனத்தை எண்ணுகிறேன். நூற்றுக்கு நாற்பது பங்கு புரதம் இருக்கிற தீவனம் ஒரு கிராம் போட்டால், அதிலிருந்து ஏறக்குறைய 35 மில்லிகிராம் அம்மோனியா தண்ணீருக்கு வந்து சேரும். மீன் வளர்ப்புப் பண்ணைக்காரர்கள் இந்த மாதிரிக் கணக்குப் போட்டுத்தான் ஃபில்டரின் அளவை முடிவு செய்கிறார்கள். உன் 45 லிட்டரில், பாக்டீரியா வேலை செய்யாத ஒருநாள், ஒரு கிராம் தீவனமே லிட்டருக்கு முக்கால் மில்லிகிராம் ஏற்றிவிடும்.

அது எவ்வளவு விஷம் என்பது தண்ணீரின் குணத்தைப் பொறுத்தது, இங்கேதான் நம் ஊர் விஷயம் வருகிறது. அம்மோனியாவில் ஒரு பங்குதான் கொடிய வடிவத்தில் இருக்கும். பிஹெச் 7 உள்ள தண்ணீரில் 25 டிகிரியில் அந்தப் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பிஹெச் 8, வெப்பம் 30 டிகிரி என்றால் நூற்றுக்கு ஏழெட்டு. பத்து மடங்குக்கும் மேல்! நம் வீட்டு போர்த் தண்ணீரில் பிஹெச் காகிதத்தை நனைத்துப் பார்த்தேன், 8 காட்டியது. குளிர்ந்த ஊரில், மென்மையான தண்ணீரில் மீன் வளர்க்கிறவர் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய தண்ணீர் வேறு, நம் தண்ணீர் வேறு.

காற்று விஷயமும் அப்படித்தான். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிடிக்கிற தண்ணீர், 30 டிகிரியில் ஏழரைதான் பிடிக்கும், 35-இல் ஏழு. சூட்டில் மீனுக்கு மூச்சு அதிகம் வாங்கும், ஃபில்டர் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும். வருகிறது குறைய, தேவை கூட. அக்னி நட்சத்திரத்தில் மதியம் இரண்டு மணிக்குக் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். அலசிப்போன பாக்டீரியா, கூடிப்போன பாரம், குறைந்துபோன காற்று: நான் சொன்ன மூன்று காரணமும் இவைதான்.

ஆகவே என் கணக்கு இவ்வளவுதான்: தை மாதக் காலையை வைத்து மீன் எண்ணாதே. கத்திரி வெயில், கரண்ட் இல்லை, நீ வீட்டில் இல்லை, நாலு மணி நேரம். அந்த நாளைத் தாண்டிப் பிழைக்கிற எண்ணிக்கைதான் உன் தொட்டியின் எண்ணிக்கை. தம்பிக்கு அந்த நாள் வராது, இன்வெர்ட்டர் இருக்கிறது. உனக்கு வரும்.

உன் 45 லிட்டருக்கு நான் எழுதிக்கொடுப்பது

பிளாட்டி, கப்பி மாதிரி கடினத் தண்ணீரை விரும்பும் சின்ன மீன் எட்டிலிருந்து பத்து. எல்லாமே ஆணாக வாங்கு, இதை மறக்காதே. பெண் கப்பி மாதத்துக்கொருமுறை இருபது, முப்பது குட்டி போடும், ஒருமுறை இணை சேர்ந்தால் பல மாதத்துக்கு அதுவே போதும். நீ நெருக்கமாக விடாவிட்டாலும் அது நெருக்கிவிடும். ஆணை அடையாளம் காண அடித்துடுப்பைப் பார், ஊசி மாதிரி நீண்டிருக்கும், பெண்ணுக்கு விசிறி மாதிரி.

உன் தொட்டியிலும் அம்மாவுக்கு ஒன்பதுதான் வேண்டுமா? சிவப்பு பிளாட்டி எட்டு, கறுப்பு பிளாட்டி ஒன்று. அம்மாவின் நம்பிக்கைக்கும் குறையில்லை, மீனுக்கும் மூச்சு முட்டாது. இதை நான்தான் அம்மாவிடம் சொல்லிச் சம்மதம் வாங்கினேன். இப்போது மங்களூர் வீட்டுக் கூடத்தில் அந்த ஒன்பதுதான் நீந்துகின்றன. அம்மா காலையில் விளக்கேற்றிய கையோடு அதற்குத் தீவனம் போடுகிறாள்.

கோல்ட்ஃபிஷ் இந்த அளவுத் தொட்டிக்கு வேண்டாம். ஆசை தீரவில்லையென்றால் பின்கட்டில் கிணற்றுக்குப் போடுகிற சிமெண்ட் உறை ஒன்றை வாங்கி அடியைப் பூசு. மூன்றடி விட்டம் உள்ள உறையில் ஓர் அடி உயரத் தண்ணீரே இருநூறு லிட்டர். புதுச் சிமெண்ட் சுண்ணாம்பைக் கக்கும், இரண்டு மூன்று வாரம் தண்ணீர் நிரப்பி நிரப்பிக் கொட்டிவிட்டுத்தான் மீன் விட வேண்டும். பாதிக்கு நிழல், பூனைக்குப் பயந்து மேலே வலை. அதில் மூன்று கோல்ட்ஃபிஷ் ராஜாவாக இருக்கும். நம் பக்கம் பண்ணைக்குட்டையில் கெண்டைக் குஞ்சு விடுகிறவர்கள், ஏக்கருக்கு நாலாயிரத்தைத் தாண்டாதே என்று சொல்வார்கள். கணக்குப் பார்த்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு குஞ்சு! விற்பனைக்கு வளர்க்கிறவர்களே அவ்வளவு இடம் விடுகிறார்கள்.

சக்கர் வேண்டவே வேண்டாம். கண்ணாடியைச் சுத்தம் பண்ணும் என்பது பாதி உண்மை, அது கழிப்பது அதைவிட அதிகம், முழங்கை நீளத்துக்கு வளரவும் செய்யும். வளர்ந்தபின் வெலிங்டன் ஏரியிலோ மணிமுத்தாற்றிலோ கொண்டுபோய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதே, யார் செய்தாலும் தடு. தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் சென்னைப் பக்கத்து ஏரிகளில் பெருகி, வலைபோடுகிறவர்களுக்குப் பெரும் உபத்திரவமாகிவிட்டது. தொட்டியில் இடமில்லாத மீனைக் கடைக்குத் திருப்பிக் கொடு, தெரிந்தவர்களுக்குக் கொடு. ஏரிக்கு மட்டும் வேண்டாம்.

"செடி நிறைய வைத்தால் மீன் நிறைய வைக்கலாமாமே?" என்று நீ கேட்பாய். ஓரளவு உண்மை. அமெரிக்காவில் டயானா வால்ஸ்டாட் என்ற அம்மையார் 1999-இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். தோட்டத்து மண்ணையும் செடியையும் வைத்தே தொட்டியை நடத்தலாம் என்பது அவர் வழி. செடி அம்மோனியாவை நேராக உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் ராத்திரியில் செடியும் மீனைப் போலவே ஆக்சிஜனை எடுக்கும், நெருக்கமான தொட்டியில் விடியற்காலைதான் ஆபத்து. செடி வை, அதைச் சாக்காக வைத்து மீனைக் கூட்டாதே. ஜப்பானின் தகாஷி அமானோ செய்த தொட்டிப் படங்களைத் தம்பி உனக்குக் காட்டியிருப்பான், ஆயிரக்கணக்கில் மீன் மேகம் மாதிரி போகும். லிஸ்பனில் அவர் கடைசியாக அமைத்த தொட்டியின் நீளம் நாற்பது மீட்டர், தண்ணீர் ஒரு லட்சத்து அறுபதாயிரம் லிட்டர். படத்தில் தண்ணீரின் அளவு தெரியாது.

விருத்தாசலத்துக்காரிக்கு ஒரு சலுகை

நீ வாழ்க்கைப்பட்டுப் போன ஊர் பீங்கான் ஊர். இதில் உனக்கு ஒரு லாபம் இருக்கிறது. ஃபில்டருக்குள் போடும் செராமிக் ரிங் என்று கடையில் டப்பா டப்பாவாக விற்கிறார்களே, அது என்ன? நுண்துளை உள்ள சுட்ட மண்தான். துளைக்குத் துளை பாக்டீரியா குடியேறும், அதனால் கையளவு ரிங் பெரிய இடம் கொடுக்கும். பளபளப்பு பூசுவதற்கு முன், சூளையில் ஒருமுறை மட்டும் சுட்ட உடைசல் துண்டுகளும் இதே வேலையைச் செய்யும். பீங்கான் பட்டறை ஏதாவது ஒன்றில் தெரிந்தவர்களிடம் கேட்டால் ஒரு பை நிறையக் கொடுப்பார்கள்.

எப்படிப் பார்த்து எடுப்பது? துண்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடு. உடனே உறிஞ்சிக்கொண்டால் நல்லது. முத்தாக உருண்டு நின்றால் அதில் துளையில்லை, வேண்டாம். ஃப்யூஸ் கட்டைக்குச் செய்கிற பீங்கான் இறுகச் சுட்டது, அது தண்ணீர் குடிக்காது, இதற்கு ஆகாது. வர்ணமோ பளபளப்போ பூசிய பொம்மை உடைசலையும் எடுக்காதே, சில பூச்சுகளில் ஈயம் இருக்கும், அது தண்ணீரில் இறங்கும். தொட்டிக்குள் அழகுக்குப் பொம்மை வைக்க ஆசைப்பட்டாலும் பூச்சில்லாததாகப் பார்த்து வை. துண்டுகளைச் சுண்டுவிரல் நுனி அளவுக்கு உடைத்து, தூசி போகக் கழுவி, கொதிக்கவைத்து ஆறவிட்டு, பழைய வெங்காய வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் போடு. செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

ஃபில்டரில் உனக்கு நான் சொல்வது சாதாரண ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப்பில் ஓடுவது. கேனிஸ்டர் வேண்டாம் என்பதற்குக் காரணம் விலை மட்டுமல்ல. கரண்ட் போனால் அந்த மூடிய டப்பாவுக்குள் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்து பாக்டீரியா சாகும், கரண்ட் வந்ததும் அந்த நாற்றத் தண்ணீரை அப்படியே மீன் மேல் கொட்டும். ஸ்பாஞ்ச் திறந்த தண்ணீரில் நிற்பதால் கொஞ்சம் தாங்கும். தம்பியிடமும் சொல், இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றுபோன கேனிஸ்டரைத் திறந்து, உள்தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். அவனுக்கும் இது தெரியாமல் இருந்தது.

ஏர் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டு, இல்லையென்றால் குழாயில் ஒரு செக் வால்வு போடு. கரண்ட் போனதும் தொட்டித் தண்ணீர் குழாய் வழியாகப் பின்னால் இறங்கி பம்ப்பைக் கெடுத்துவிடும், தரையும் நனையும். ஸ்பாஞ்சைக் கழுவுவது மாதம் ஒருமுறை போதும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் வைத்து அதில் இரண்டு பிழி பிழி. குழாயடிப் பக்கமே போகாதே. மாற்றுகிற தண்ணீரை முதல்நாளே வாளியில் பிடித்து ஏர் ஸ்டோன் போட்டு வை. வாரம் கால்பங்கு. ஒரேயடியாக முழுத் தண்ணீரையும் மாற்றி, மீனைத் தனியாக எடுத்து, கல்லைச் சோப்புப்போட்டுக் கழுவுகிற பழக்கம் நம் ஊரில் நிறைய வீட்டில் இருக்கிறது. அந்த வீடுகளில் மீன் நிலைப்பதில்லை.

தீவனம் ஒருவேளை, இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு. பிள்ளைகள் ஆசையாகக் கைநிறையப் போடுவார்கள், டப்பாவை அவர்கள் கைக்கு எட்டாமல் வை. கரண்ட் இல்லாத நேரத்தில் ஒரு துகள்கூடப் போடாதே. மீன் இரண்டு நாள் பட்டினி தாராளமாகத் தாங்கும்.

வெயில் நாளில் கரண்ட் போகிறது, நீ வீட்டில் இருக்கிறாய் என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்றை வாங்கி, பேட்டரியோடு தொட்டி பக்கத்திலேயே தொங்கவிடு. அது இல்லையா, சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து அதிலேயே ஊற்று, காபி ஆற்றுகிற மாதிரி. கால் மணிக்கொருமுறை இருபது முப்பது சொம்பு. அப்பா இப்படி ஊற்றி ஊற்றியே ஒரு மதியம் முழுக்க மீனைக் காப்பாற்றினார். மூடியைத் திறந்து வை. தண்ணீர் ரொம்பச் சூடானால் ஐஸ் கட்டியை நேரடியாகப் போடாதே, உறைந்த தண்ணீர் பாட்டிலை மூடியோடு மிதக்கவிடு, மெதுவாக ஆறட்டும்.

மீன் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடினால் அது பசியில்லை, மூச்சுத்திணறல். கரண்ட் இருந்தும் அப்படிச் செய்தால் உடனே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்று. நைட்ரைட் ஏறியிருக்கலாம், அது ரத்தத்தில் கலந்து ஆக்சிஜனைச் சுமக்கவிடாமல் செய்யும். லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கல்லுப்பைத் தனியாகக் கரைத்து ஊற்றினால் நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவது குறையும். பிளாட்டிக்கும் கப்பிக்கும் அந்த உப்பு ஒன்றும் செய்யாது.

வாங்கி வருவதிலும் ஒரு விஷயம். கடையில் ஆக்சிஜன் நிரப்பிக் கட்டிக் கொடுத்த பையை உடனே அவிழ்க்காதே. கட்டியபடியே பதினைந்து நிமிஷம் தொட்டியில் மிதக்கவிடு, சூடு சமமாகட்டும். பிறகு அவிழ்த்ததும் தாமதிக்காமல் வலையால் மீனை மட்டும் எடுத்து விடு, பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. நெடுநேரம் பயணம் செய்த பையில் மீன் விட்ட கரியமில வாயு தண்ணீரைப் புளிப்பாக்கி வைத்திருக்கும், அதனால் அம்மோனியா அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்து வைத்துக்கொண்டே இருந்தால் அந்த வாயு வெளியேறி, அடங்கிய அம்மோனியா விஷமாக எழும்பும்.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்று நீ கேட்கலாம். 2017-இல் மத்திய அரசு மீன்தொட்டி, மீன்கடைகளுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. கொளத்தூர்ப் பக்கத்து வளர்ப்புக்காரர்கள் உட்பட பலர் பிழைப்பு போய்விடும் என்று எதிர்த்தார்கள், பிறகு அந்த விதிகள் திரும்பப் பெறப்பட்டன. அவர்கள் கவலையும் நியாயமானதுதான், எத்தனையோ குடும்பம் அதில் சாப்பிடுகிறது. ஆனால் உன் கூடத்தில் இருக்கிற தொட்டிக்கு எந்த விதி வந்தும் காவல் நிற்க முடியாது. அங்கே நீதான்.

ஆறு மாதம் பத்து மீனை வைத்துப் பார். ஒன்றும் சாகாமல், நைட்ரேட் காகிதத்தில் 40-க்குக் கீழேயே நின்றால், கத்திரியையும் ஒருமுறை தாண்டிவிட்டால், இன்னும் இரண்டு சேர். அவசரமில்லை. ஒரே நாளில் பத்தையும் விடாமல் முதலில் மூன்று, இரண்டு வாரம் கழித்து மூன்று என்று விடு, பாக்டீரியாவும் கூடவே பெருகட்டும்.

அதற்கு முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறி வருகிறேன். நம் வீட்டுத் தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கிற பழைய ஸ்பாஞ்ச் ஒன்றைத் தொட்டித் தண்ணீரோடு தூக்குவாளியில் போட்டுக் கொண்டு வருகிறேன். காய்ந்துபோனால் பாக்டீரியா செத்துவிடும், அதனால்தான் தூக்குவாளி. அதை உன் புது ஃபில்டர் பக்கத்தில் வைத்துவிட்டால் ஆறு வாரக் காத்திருப்பு பாதியாகக் குறையும். நீ சனிக்கிழமையே தண்ணீர் நிரப்பி ஏர் பம்ப்பை ஓடவிட்டு வை. பீங்கான் துண்டு கிடைத்தால் எடுத்து வை. மாப்பிள்ளையிடம் சொல்லித் தொட்டிக்கு உறுதியான மேஜை பார், தண்ணீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து எழுபது எண்பது கிலோ வரும், அந்தப் பழைய டிவி ஸ்டாண்டு தாங்காது. அந்தக் காத்திருப்பு முடிந்ததும் முதல் மூன்று பிளாட்டியை நாம் இரண்டு பேரும் சேர்ந்து போய் வாங்குவோம்.